சிஇஓ சம்பளத்த ஒப்பிட்டுப் பாக்குற டேட்டா சர்வீஸ்: 3 வருஷம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம் ஒரு ரிவ்யூ

பெரிய கம்பெனிகள்ல சிஇஓ, சிஎஃப்ஓ லெவல்ல இருக்கறவங்களுக்கு எவ்ளோ சம்பளம், எதுக்காக அவ்ளோனு டேட்டா தர்ற ஒரு சப்ஸ்கிரிப்ஷன் சர்வீஸ 3 வருஷமா யூஸ் பண்றேன். போர்டுல சம்பளம் முடிவு பண்ற கமிட்டிக்கு பேப்பர் ரெடி பண்றது என் வேலை, சீசன் வந்துட்டா காலைலேருந்து ராத்திரி வரைக்கும் இதுலதான் கிடப்பேன். சர்வீஸ் பேர் சொல்லல. வாங்கலாமானு யோசிக்கிறவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், உள்ள இருக்கற நம்பர் எல்லாம் நல்ல நம்பர், ஆனா யாரோட யார ஒப்பிடறோம்னு தேர்ந்தெடுக்கற ஒரே ஒரு ஸ்கிரீன்லதான் சம்பளம் பாதிக்கு மேல முடிவாகுது, அந்த ஸ்கிரீனத்தான் இவங்க ரொம்ப அசால்ட்டா விட்டு வச்சிருக்காங்க.

நல்லது முதல்ல. பேஸ் சேலரி, வருஷ போனஸ், ஷேரா குடுக்கறது, ஸ்டாக் ஆப்ஷன் (முன்னாடியே பேசி வச்ச விலைக்கு பின்னாடி ஷேர் வாங்கிக்கற உரிமை) எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சு காட்டுறாங்க, எந்த நம்பர கிளிக் பண்ணாலும் அது வந்த ஆனுவல் ரிப்போர்ட் பக்கத்துக்கே கூட்டிட்டு போகுது. எனக்கு ரொம்ப பிடிச்சது, ஆப்ஷன் குடுத்த அன்னைக்கு போட்ட மதிப்பு ஒரு கட்டத்துலயும், உண்மையிலேயே கைக்கு வந்த தொகை பக்கத்து கட்டத்துலயும் இருக்கும். இந்த ரெண்டயும் குழப்பிக்கிட்டு சண்டை போடறவங்கள நிறைய பாத்துட்டேன். ஒரே ஆளுக்கு ஒரே வருஷத்துல ஒண்ணு சின்னதாவும் இன்னொண்ணு பல மடங்காவும் இருக்கலாம், ரெண்டுமே பொய் இல்ல.

கம்பெனி சைஸ் பேஜும் அருமை. மேல்மட்ட சம்பளத்த நிர்ணயிக்கறதுல லாபத்த விட, வளர்ச்சிய விட, சைஸ்தான் பெரிய காரணம், பல நாட்டு டேட்டாவுலயும் திரும்பத் திரும்ப வர்றது இதுதான். கம்பெனி 10 மடங்கு பெருசா இருந்தா சிஇஓ சம்பளம் சுமாரா 2 மடங்கு இருக்கும், 10 மடங்கு இல்ல. இவங்க சார்ட்ல புள்ளி எல்லாம் அந்த கோட்ட ஒட்டியே போறத கண்ணால பாக்கலாம். கபே, லாண்டியேனு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2008ல எழுதுன ஆராய்ச்சில, 1980லேருந்து 2003க்குள்ள அமெரிக்காவுல பெரிய கம்பெனி சிஇஓ சம்பளம் 6 மடங்கு ஏறுனதுக்கு அந்த கம்பெனிகளோட சந்தை மதிப்பும் 6 மடங்கு ஏறுனதே காரணம்னு சொன்னாங்க. ரெண்டு சிஇஓக்களோட திறமைக்கு நடுவுல நூலிழை வித்தியாசம் இருந்தாலும், கம்பெனி பிரம்மாண்டமா இருந்தா அந்த நூலிழையே பெரிய பணமாயிடும்ங்கற வாதம். இதுல ஒரு பங்கு உண்மை இருக்குனு நானும் நம்பறேன்.

இப்ப அந்த ஸ்கிரீனுக்கு வரேன். பீர் குரூப்னு ஒரு லிஸ்ட், நம்மள மாதிரி கம்பெனினு நாமே டிக் பண்றது. 5 கம்பெனி வச்சு போட்டுப் பாருங்க: சம்பளம் 40, 50, 60, 80, 90. நடுவுல நிக்கற மீடியன் 60. கீழ இருக்கற ரெண்ட எடுத்துட்டு 100, 110 குடுக்கற ரெண்டு பெரிய கம்பெனிய சேத்தா மீடியன் 90 ஆயிடுது. சிஇஓ அந்த வருஷம் என்ன சாதிச்சாருங்கற கேள்விக்கே எடம் வரல, நாலு டிக்குதான் மாறிச்சு. ஃபாக்கெண்டர், யாங் ரெண்டு பேரும் 2010லயே இத ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க, சம்பளம் ஜாஸ்தி குடுக்கற கம்பெனிகளத் தேடி லிஸ்ட்ல போட்டுக்கற பழக்கம் இருக்குனு. இதுல இன்னொண்ணும் சேருது, எந்த போர்டும் எங்க சிஇஓ சராசரிக்கு கீழனு சொல்ல விரும்பாது, எல்லாரும் மீடியனுக்கு மேல குடுக்கணும்னு நெனச்சா அடுத்த வருஷம் மீடியனே ஏறிடும், அந்த ஏறுன மீடியன வச்சு மறுபடி எல்லாரும் ஏத்துவாங்க.

இவ்ளோ முக்கியமான எடத்துல யார் எப்ப டிக்க மாத்துனாங்கனு ஒரு ஹிஸ்டரி கூட கிடையாது. போன வருஷம் மீட்டிங்ல ஒரு டைரக்டர் பழைய பேப்பரையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, "இந்த ரெண்டு கம்பெனி ஏன் காணோம்"னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. அவர் கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி, அந்த மீட்டிங்ல கேட்டதுலயே உருப்படியான கேள்வி அதுதான். அன்னைக்கு ராத்திரி பழைய பிடிஎஃப் எல்லாம் தோண்டி கையால லிஸ்ட் போட்டேன்.

பெர்ஃபார்மன்ஸ் பேஜும் சுமார்தான். ஷேர் ஏறுனதையும் சம்பளம் ஏறுனதையும் ரெண்டு கோடா போட்டு விட்டுட்டாங்க, மொத்த இண்டஸ்ட்ரியும் ஏறுனதால ஏறுன பங்க கழிக்கறதுக்கு வசதியே இல்ல. பெர்ட்ராண்ட், முல்லைநாதன் 2001ல காட்டுனது இதத்தான், கச்சா எண்ணெய் விலை ஏறுனா எண்ணெய் கம்பெனி சிஇஓ சம்பளமும் ஏறுது, அந்த விலைய அவர் ஒண்ணும் ஏத்தல. சப்போர்ட்ல கேட்டா எக்ஸெல்ல டவுன்லோட் பண்ணி போட்டுக்கோங்கனாங்க. போட்டுக்கறேன், ஒரு முழு நாள் போகுது.

மத்தபடி ஸ்பீடு ஓகே, லாகின் பிரச்சனை இல்ல, மொபைல்ல பாக்கவே பாக்காதீங்க.

5க்கு 3 குடுக்கறேன். டேட்டா மட்டும் வேணும்னா தைரியமா வாங்கலாம். கமிட்டி பேப்பருக்கு வாங்கறவங்க முதல் நாளே உங்க பீர் லிஸ்ட எக்ஸெல்ல தனியா எழுதி, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஏன் வச்சோம்னு ஒரு வரி போட்டு, தேதியோட சேவ் பண்ணிடுங்க. அந்த ஹிஸ்டரி வசதி வேணும்னு ரெண்டு தடவ ரிக்வெஸ்ட் குடுத்திருக்கேன், ரின்யூவலுக்கு ஃபோன்ல பேசறப்ப மறுபடியும் கேப்பேன்.