மடியில், லக்கேஜில், கார்கோவில், இல்லை அம்மாவிடம்: நாயோடு நாடு மாறுகிறவர்களுக்கு

எங்கள் மணிக்குப் பதினோரு வயது. வெள்ளை ஸ்பிட்ஸ், ஒன்பது கிலோ. சென்னையிலிருந்து ஐரோப்பா வழியாக டொரண்டோ வரை ஒரு நாளுக்கும் மேல் கூண்டுக்குள் இருந்துவிட்டு, கதவைத் திறந்ததும் வாலாட்டிக்கொண்டுதான் வெளியே வந்தான். தண்ணீர் குடித்தான், பனியை மோந்து பார்த்தான். ஆறாம் நாள் இரவு செத்துப்போனான்.

நண்பர்கள் வட்டத்தில் யார் நாயோடு நாடு மாறினாலும் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். எந்த வழி நல்லது? நாங்கள் அன்று ஒப்பிட்டதெல்லாம் டிக்கெட் விலையும் படிவங்களின் எண்ணிக்கையும்தான். தவறான தராசு. அதனால் மறுபடி எடை போடுகிறேன்.

முதலில் மடி. இடம் கிடைத்தால், நாயின் எடை இடம் கொடுத்தால், கேபினில் காலடியில் வைத்துக்கொண்டு போவதை விட நல்லது எதுவும் இல்லை. மூச்சு வாங்குகிறதா, நாக்கு நிறம் மாறுகிறதா என்று உங்கள் கண்ணே பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் பையோடு சேர்த்து ஏழெட்டு கிலோதான் வரம்பு. மணிக்கு இந்த வழி அங்கேயே அடைபட்டுவிட்டது. லண்டன் போகிறவர்களுக்கு இந்த வழியே கிடையாது. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் செல்லப்பிராணி கார்கோவாகத்தான் வர வேண்டும், உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு. கேபினில் இருந்தாலே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போன விமானத்தில், பணிப்பெண் சொன்னதன் பேரில் ஒரு பிரெஞ்சு புல்டாக் குட்டியைப் பையோடு தலைக்கு மேலிருக்கும் லக்கேஜ் பெட்டியில் வைத்தார்கள். இறங்கும்போது அது உயிரோடு இல்லை.

அடுத்தது லக்கேஜா, கார்கோவா. பலர் தடுமாறுவது இங்கேதான், நாங்களும் தடுமாறினோம். கார்கோ என்றதும் ஏதோ இருட்டு, குளிர், காற்றில்லாத கிடங்கு என்று மனசு கற்பனை செய்கிறது. உண்மையில் இரண்டும் பறப்பது விமானத்தின் அடிவயிற்றில்தான். உயிருள்ள விலங்குகளை ஏற்றும் அறையில் காற்றழுத்தம் மேலே நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருப்பதேதான், வெப்பமும் கட்டுப்படுத்தப்படும். பறக்கும்போது வித்தியாசம் அதிகமில்லை. தரையில்தான் எல்லாம்.

லக்கேஜாகப் போகும் நாய், இடையில் விமானம் மாறும்போது பெட்டிகள் போகிற பாதையிலேயே போகிறது. எங்களுக்கு நடுவில் ஐந்து மணி நேரம். மணி எங்கே இருக்கிறான், யாராவது தண்ணீர் வைத்தார்களா என்று கவுன்டரில் கேட்டேன். கூண்டு அடுத்த விமானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான் தெரிந்தது. கார்கோவில் ஏஜென்ட் மூலம் அனுப்பினால், நல்ல வழித்தடமாகக் கேட்டு வாங்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் விலங்குகளுக்கென்றே தனி நிலையம் 2008 முதல் இருக்கிறது. கால்நடை மருத்துவர் உண்டு, கூண்டைச் சுத்தம் செய்து தண்ணீர் வைக்க ஆள் உண்டு. இதற்குத்தான் அந்தக் காசு. எங்களிடம் ஏஜென்ட் மூன்று லட்சத்துக்கு மேல் சொன்னார். லக்கேஜ் கட்டணம் அதில் ஒரு துண்டு. துண்டைத் தேர்ந்தெடுத்தோம்.

லக்கேஜுக்கு ஒரே ஒரு பலம், நீங்களும் அதே விமானத்தில் இருப்பது. அது நமக்கு ஆறுதல். நாய்க்கு அதனால் என்ன பயன் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

சூட்டையும் சொல்ல வேண்டும். விமானத்துக்கும் முனையத்துக்கும் இடையே நாயைக் கொண்டு போகும்போது 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 29 செல்சியஸுக்கு மேல் 45 நிமிடம் தாண்டி வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண்துறை விதி. மே மாதச் சென்னையில் நள்ளிரவிலேயே வெப்பமானி அதை ஒட்டி நிற்கும். எந்த வழியாக இருந்தாலும் டிசம்பர், ஜனவரியில் கிளப்புங்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு, பக், புல்டாக் வகைகளுக்கு, இது இரட்டிப்பு ஆபத்து. நாய் தன் உடம்பைக் குளிர்விப்பது இரைப்பினால். குறுகிய மூக்குத் துளையும் நீண்ட மேலண்ணமும் உள்ள நாயால் சரியாக இரைக்க முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட கணக்கில், விமானத்தில் இறந்த கலப்பில்லாத இன நாய்களில் ஏறக்குறைய பாதி இந்தச் சப்பை மூக்கு இனங்கள்தான். பல நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதே இல்லை. அப்படி மறுத்தால் சண்டை போடாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

அப்புறம், தூக்க மாத்திரை. "பாவம், தூங்கிக்கிட்டே போயிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கும், உடம்பு சூட்டைச் சமாளிக்கும் திறன் குறையும், கூண்டு ஆடும்போது காலூன்ற முடியாது.

ஏதாவது ஆனால் நஷ்டஈடு? அதிலும் இரண்டு வழிக்கும் வித்தியாசம் உண்டு. விமான நிறுவனங்களின் நஷ்டஈட்டை வரையறுக்கும் சர்வதேச மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, 2024 டிசம்பர் 28 முதல் லக்கேஜுக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), கிட்டத்தட்ட 2,000 டாலர் வரை. கார்கோவுக்குக் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். கூண்டோடு பதினைந்து கிலோ என்றால் 390 எஸ்டிஆர். கூடுதல் மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கட்டணம் கட்டினால் இரண்டிலும் இந்த வரம்பைத் தாண்டலாம். 2019இல் பியூனஸ் அயர்ஸ் விமான நிலையத்தில் ஏற்றும்போது தப்பி ஓடிய ஒரு நாய் கிடைக்கவே இல்லை. அதன் சொந்தக்காரர் 5,000 யூரோ கேட்டார். அவர் அப்படி அறிவித்திருக்கவில்லை. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. செல்லப்பிராணியும் லக்கேஜ் என்ற சொல்லுக்குள் அடங்கும், அதே வரம்புதான் என்று 2025 அக்டோபரில் சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் மணியும் ஒரு சூட்கேஸ்தான்.

நான்காவது வழியை நாங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அம்மா மட்டும் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இங்கயே விட்டுட்டுப் போடா, நான் பாத்துக்கறேன். அவனுக்கு என் கூட என்ன குறை?" விட்டுவிட்டுப் போவது துரோகம் மாதிரி எனக்குப் பட்டது. குழந்தைகளும் அழுதார்கள். கனடாவுக்குச் சொந்த நாயென்றால் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழே பிரதானம், குவாரன்டைன் கிடையாது. காகிதம் இவ்வளவு சுலபமாக இருந்ததும் எங்களை ஏமாற்றிவிட்டது. ஆஸ்திரேலியா மாதிரி, இந்தியாவிலிருந்து நேரடியாக வரவே முடியாது, வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்துக் கொண்டுவா என்ற நாடாக இருந்திருந்தால் மணி அம்மாவோடு இருந்திருப்பான்.

டொரண்டோவில் நான்காம் நாள் சாப்பாட்டை விட்டான். ஆறாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள்: இதயம் பெருத்து, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. வயதான சின்ன இன நாய்களுக்கு இதய வால்வு கசிவது சகஜமாம். ராத்திரி வறட்டு இருமல் அவனுக்கு ஆறு மாதமாக இருந்தது. வயசாகிறது என்று விட்டுவிட்டோம். பயணத் தகுதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்ததாகவே எனக்கு நினைவில்லை. பறக்கும்போது கேபினில் இருக்கும் காற்று, ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கும் காற்றுக்குச் சமம். கொடைக்கானல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இதயம் அதைத் தாங்கும். கசியும் வால்வோடு, பயத்தோடு, தூங்காமல், அத்தனை மணி நேரம் என்பது வேறு கணக்கு. விமானம்தான் கொன்றதா என்று கேட்டேன். அதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்த குடம் என்றார் அந்த மருத்துவர், வேறு வார்த்தைகளில்.

ஆகவே என் கணக்கு இது. எட்டு வயது தாண்டிய நாய் என்றால், எந்த வழி என்று பேசுவதற்கு முன் மார்பு எக்ஸ்ரே, இதய எக்கோ, ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை. நம் ஊர் நாய்களில் உண்ணிக் காய்ச்சல் கிருமி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் நான்காவது வழிதான். இளசு, சின்னது, ஆரோக்கியம் என்றால் மடி. பெரியது என்றால் கார்கோ, கூடியவரை நேரடி விமானம். லக்கேஜை, நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால், நான் யாருக்கும் சொல்வதில்லை. இறங்கிய பின் முதல் வாரத்திலேயே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். லக்கேஜ் சேதத்துக்குப் புகார் எழுத ஏழு நாள்தான் அவகாசம். மணி ஆறாம் நாள் போனான், ஏழாம் நாள் எங்களில் யாருக்கும் பேனா எடுக்கத் தோன்றவில்லை.

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். மூன்று வயது லாப்ரடார், லண்டன். கார்கோ, ஜனவரி என்றேன். வீட்டில் பன்னிரண்டு வயது பொமரேனியன் ஒன்றும் இருக்கிறதே என்றார். உங்கள் அம்மா எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.