கையில் 30 லட்சம்: புறநகர் மனையா, நகரத்து ஃபிளாட்டா?

சென்னைப் பக்கம் முதன்முதலாக முதலீட்டுக்கு இடம் தேடுகிறவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. சேமிப்பு 30 லட்சத்தையும் போட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கலாம். அல்லது அதை முன்பணத்துக்கும் பதிவு, வரிச் செலவுக்கும் வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கலாம். எது அதிகம் ஏறும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதை உங்களால் தாக்குப்பிடிக்க முடியும் என்று நான் கேட்பேன்.

ஃபிளாட் கணக்கைப் பார்ப்போம். கட்டுமானத்தில் இருக்கும் 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 3 லட்சம். புது அடுக்குமாடி வீடுகளுக்கு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது 4.2 லட்சம். முன்பணம் 20 லட்சமும் சேர்ந்தால் கையிலிருந்து 27 லட்சத்துக்கு மேல் போய்விடும். மிச்சம் அலமாரிக்கும் கிரில்லுக்கும் சரியாக இருக்கும். பணி நிறைவுச் சான்று வாங்கிய வீடாக இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் கட்டி முடித்ததையே பாருங்கள்.

மீதி 40 லட்சம் கடன். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். வாடகை 17,000 வருகிறது என்று வையுங்கள். பாதிதான் ஈடாகும். மீதியோடு பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடப்பது, எல்லாம் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். வருமான வரி கணக்கிடும்போது வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர்கள், வாடகையை மிஞ்சும் வட்டியைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 'வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும் சார்' என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஃபிளாட்டில் நிஜமாக ஏறுவது நிலம்தான், கட்டடம் தேயும். அதனால் யு.டி.எஸ்., அதாவது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) நாலு வீடு கட்டியிருந்தால் ஆளுக்கு 600 சதுர அடி நிலம் வரும். நீச்சல் குளத்தோடு நிற்கும் உயரமான கோபுரத்தில் இதில் பாதிகூட வராமல் போகலாம். கிளப் ஹவுஸைவிட, ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும் பழைய நாலு வீட்டுக் கட்டடத்துக்கே என் ஓட்டு. வாடகைக்கு ஆள் கிடைக்கும், நிலப் பங்கும் இருக்கும்.

சரி, மனை. பராமரிப்பு இல்லை, தவணை இல்லை, ஆனால் ஒரு ரூபாய் வரவும் இல்லை. பதிவுச் செலவு 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதக் கட்டணமும். அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மீது. வீடு கட்டும் வரை மனைக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை கிடையாது. அதனால் கடன் வாங்கி வெறும் மனை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

மனை விற்பவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஐந்து வருடம் கழித்து விற்கப் போகும்போது உங்களுக்குப் போட்டி அந்த லேஅவுட்டை, அதாவது மனைப்பிரிவைப் போட்ட நிறுவனமேதான். அவர்களிடம் இன்னும் மனை மிச்சம் இருக்கும். வேன் அனுப்பி, சாப்பாடு போட்டு, புரோக்கருக்குக் கமிஷனும் கொடுத்து விற்பார்கள். அந்த வேன் உங்கள் மனையைத் தாண்டித்தான் போகும். அவர்கள் விளம்பரத்தில் போடும் விலை உங்கள் கைக்கு வரும் விலையும் அல்ல. பரந்தூர் விமான நிலையத்துக்கான இடம் 2022-ல் அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் மனைகள் எக்கச்சக்கம். வராத விமானத்துக்கு இப்போதே விலை கொடுக்காதீர்கள்.

ஆவணச் சிக்கலும் மனையில்தான் அதிகம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பது மனைப்பிரிவு அங்கீகாரமே அல்ல. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது.

ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 30 வருடத்துக்குப் போடுங்கள். 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு கண்ணில் பட்டால், யாரோ வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குக் கீழே கடன் தீர்ந்த ரசீதும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவு செய்யாத உயில், வாரிசுச் சண்டை போன்றவை வில்லங்கத்தில் தெரியாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு மட்டும்தான், அதை மட்டும் நம்பி வாங்க முடியாது. சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப் பத்திரத்திலிருந்து வழக்கறிஞர் படித்துத்தான் ஆக வேண்டும். பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது), கோயில் நிலமா, நீர்நிலையா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

வாங்கிய பிறகும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். சீமைக் கருவேலம் மூடிவிட்டால் எல்லைக்கல் எங்கே என்று உங்களுக்கே தெரியாது, பக்கத்து வேலி நகர்ந்ததும் தெரியாது.

இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்குப் பங்குச் சந்தையில் ரீட் இருக்கிறது. பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை அது. வடபழனி விஜயா மால்கூட ஒரு ரீட்டின் கையில்தான் இருக்கிறது. ஒரு யூனிட்கூட வாங்கலாம், பகிரத்தக்க வரவில் 90 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. விலை தினமும் ஏறி இறங்கும். சில லட்சம் போட்டுப் பழக நல்ல இடம்.

என் தீர்ப்பு இதுதான்: பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணம், அடிக்கடி போய்வரும் ஊர் என்றால் மனை. மாதம் 20,000 ரூபாய் துண்டு விழுந்தாலும் சமாளிக்கும் சம்பளம் என்றால் பழைய ஃபிளாட். எதுவானாலும் டோக்கன் அட்வான்ஸைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுங்கள். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அளவுக்கோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவர் அதே தொகையை அபராதமாகக் கட்ட நேரலாம். இதைச் சொன்ன பிறகும் ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.