இசட்4: பழைய எம்மா, எம்40ஐயா?

பி.எம்.டபிள்யூவின் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான இசட்4 பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் வன்னிப் பொடியன்களுக்குள் வாக்குவாதம்தான். 2006இல் வந்த இசட்4 எம் திறமா, புதிய இசட்4 எம்40ஐ (M40i) திறமா? குதிரைவலுவில் இரண்டும் ஒட்டியே நிற்கின்றன: பழையது 343, புதியதன் ஐரோப்பிய வடிவம் 340. வித்தியாசம் அந்த வலு வரும் விதத்தில்தான். பழைய 3.2 லீற்றர் எஞ்சினில் டர்போ கிடையாது. முழு வலுவையும் பார்க்க எஞ்சினை நிமிடத்துக்கு 7,900 சுற்றுவரை முறுக்க வேண்டும். கியரும் கையால்தான். எம்40ஐயின் டர்போவோ 1,600 சுற்றிலேயே 500 நியூட்டன் மீற்றர் இழுவிசையைக் கொட்டுகிறது. பழையதன் உச்சமே 365.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏ9இல் ஏறி, முன்னால் போகும் லொறியை முந்த எம்40ஐ போதும், மிதித்தவுடன் பாயும். மாடு குறுக்கே வரும் வீதியில் 7,900 சுற்றுக்கு எங்கே போவது?

ஆனால் பெயர் விஷயத்தில் நான் பழையதன் பக்கம். 'எம்' என்பது பி.எம்.டபிள்யூவின் அதிவேகக் கார்ப் பிரிவின் எழுத்து. பழையதன் எஞ்சின் அந்தப் பிரிவின் எம்3 காரிலிருந்து வந்தது. எம்40ஐ 'எம் பெர்போமன்ஸ்', அதாவது முழு எம்முக்கு ஒரு படி கீழான வகை மட்டுமே. இந்தத் தலைமுறைக்கு முழு எம் வரவேயில்லை. அந்த எழுத்து இல்லாமலே அது நல்ல கார்தான், பிறகு ஏன் ஒட்டினார்கள்? சரி, 2024இல் அதற்கும் மனுவல் கியர் கொடுத்துவிட்டார்கள். எடுப்பதென்றால் அதைத்தான் எடுப்பேன்.