டிரெயில் ஷூவும் டெல்டாக் களியும்: வெண்ணாற்றங்கரை ஓட்டங்களுக்குப் பிறகு

கரடுமுரடான மண் தடங்களில் ஓடுவதற்கென்றே செய்த, முன்புற ரப்பர் பிய்ந்துபோன என் டிரெயில் ஷூவைத் தஞ்சாவூரில் தைத்து வாங்கி வந்த அதே வாரத்தில் அதன் விலை இறங்கியது. வாங்கலாமா என்று எங்கள் ஓட்டக் குழுவின் தம்பி ஒருவர் கேட்டார். எடை, அளவு, நிறம் போன்றவற்றை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார் என்பதால், மழைக்காலத்தில் நம் ஊர்க் கரைகளில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கல்லணையில் தொடங்கி, வெண்ணாற்றங்கரையிலேயே, ஆறு மூன்றாகப் பிரியும், நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பு வரை ஓடுவதை நாங்கள் சிலர் வழக்கமாக வைத்திருக்கிறோம். மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எதுவும் அல்ட்ரா எனப்படும் நெடுந்தூர ஓட்டம்தான் என்றாலும், மலையே இல்லாத இந்தத் தடத்தை வெளியூர் ஓட்டக்காரர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஏற்றம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி அடைமழையில், சம்பா வயல்களிலிருந்து வடியும் நீர் கரையை அறுத்துக்கொண்டு ஓடும் இடங்களில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். வரப்பில் கால் வைத்தால் நண்டு வளையில் புதையும். கரை நெடுக வெட்டிப் போட்ட சீமைக் கருவேல முள் சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்.

இவற்றில் பலவற்றை இந்தக் காலணி மிக நன்றாகவே சமாளிக்கிறது. அடிப்பகுதிக்குள் வைத்திருக்கும் மெல்லிய தகடு கருவேல முள்ளை உள்ளே விட்டதே இல்லை. சாதாரணச் சாலைக் காலணியோடு அந்தக் கரையில் ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதைவிட எனக்கு வியப்பளித்தது தண்ணீர் வடியும் விதம். வாய்க்காலைக் கடந்து கரையேறிச் சற்று தூரம் ஓடுவதற்குள், ஒவ்வொரு மிதிப்பிலும் வலைத்துணியின் வழியே நீர் பீறிட்டு வெளியேறி, கால் மீண்டும் இலகுவாகிவிடுகிறது. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி, உரசிய இடமெல்லாம் நீர்க்கொப்புளமாகி, விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து அவதிப்படுவது நடவு வயலில் நிற்பவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான துன்பம். பருத்திக் காலுறையைத் தவிர்த்து, விரலிடுக்குகளில் வாசலின் தடவிக்கொண்டு இந்தக் காலணியை அணிந்தபோது அந்தத் துன்பம் வெகுவாகக் குறைந்தது. இதே காலணியில் நீர் புகாத உள்ளுறை வைத்த வகையும் கூடுதல் விலைக்கு வருகிறது. மழைக்காலம் என்பதற்காக யாரும் அதை எடுத்துவிட வேண்டாம். நமக்குத் தண்ணீர் கணுக்கால் வழியாக மேலிருந்து இறங்குகிறது. உள்ளே வந்த நீரை அந்த உறை வெளியே விடாது.

இனி, என்னை விடாமல் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். கல்லணைப் பக்கம் மணல் கலந்த வண்டலில் இதன் பிடிப்பைக் குறை சொல்லவே முடியாது. கிழக்கே போகப்போகக் களி கூடுகிறது. நீர் குடித்தால் உப்பிக் குழைவதும், கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதும் அந்த மண்ணின் குணம். இந்தக் காலணியின் அடிப்பற்கள் 5 மில்லிமீட்டர் ஆழம் கொண்டவை. ஆழம் போதும், ஆனால் மிக நெருக்கமாக அமைத்திருக்கிறார்கள். பற்களின் இடைவெளியில் முதல் அப்பு களி புகுந்து இறுகியதும் அடிப்பகுதி முழுவதும் ஒரே வழுவழுப்பான தளமாகிவிடுகிறது. அதன்மேல் அடுத்த அப்பு, அதன்மேல் வைக்கோலும் கோரையும் சேர்ந்து இன்னொன்று. பிடிப்பு போவது மட்டுமன்று, காலணியின் எடையும் இரண்டு பங்குக்கு மேல் ஆகிறது. அந்தச் சுமையை நாற்பது கிலோமீட்டர் ஓடிக் களைத்த தொடையும் இடுப்பும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. மதகுச் சுவர் தட்டுப்படும் இடத்திலெல்லாம் நின்று, சுவரின் விளிம்பில் தேய்த்து, குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுப் புறப்பட்டால், சில நிமிடங்களில் பழைய நிலைதான். களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, "அத கழட்டிக் கையில புடிச்சுக்க தம்பி, களி விடாது" என்றார். காலங்காலமாக அந்தச் சேற்றில் நடப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது, வடிவமைத்தவர்களுக்குத் தெரியவில்லை.

ரப்பர் பிய்ந்ததை நான் பெரிய குறையாகக் கருதியிருக்க மாட்டேன். முள்ளிலும் சேற்றிலும் உழைக்கும் பொருள் பிய்வது இயல்பு. ஆனால் உத்தரவாதக் காலத்துக்குள் நிறுவனத்துக்கு அனுப்பியபோது, இது தண்ணீரால் வந்த சேதம், உத்தரவாதத்தில் அடங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு, சேறு, மழை என்று படம் போட்டு விற்ற காலணி அது. கடைசியில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர்தான், "பசை நிக்காதுங்க, தையல் போட்டாத்தான் தாங்கும்" என்று பழைய பசையைச் சுரண்டியெடுத்து, நைலான் நூலால் நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு பெய்த மழைகளிலும் அந்தத் தையல் அசையவில்லை.

எனவே தம்பிக்கு, விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். முள்ளையும் நீரையும் பற்றி மேலே எழுதிய பாராட்டில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. என் தீர்ப்பில் கோபம் கலந்திருக்கிறது என்று எவரேனும் சொன்னால் மறுக்கவும் மாட்டேன். ஆனால் திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்துக் களியில் மழைக்காலத்தில் ஓடப்போகிறவருக்கு, களியை உதறாத அடிப்பகுதி மற்ற எல்லா நன்மைகளையும் வீணாக்கிவிடும். எந்த நிறுவனத்தின் காலணியாக இருந்தாலும், கடையில் அதைக் கவிழ்த்துப் பிடித்து, இரண்டு பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி தடையின்றி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.