முதல் கார், பழைய கார்: ஆல்டோவா, வேகன் ஆரா, ஐ10-ஆ?

இரண்டு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சத்துக்குள் ஒரு பெட்ரோல் கார், அதுவும் வீட்டுக்கு வரும் முதல் கார். இந்தக் கணக்கோடு எந்த ஊர் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கும் கடையில், போய் நின்றாலும் கண்ணில் படுவது அதே வண்டிகள்தான்: மாருதி ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஹூண்டாய் சான்ட்ரோ, ஐ10. ஓரமாக ஒரு ஃபோர்டு ஃபிகோவும் ஒரு ஷெவர்லே பீட்டும் பளபளவென்று துடைத்து நிற்கும், மற்றவற்றைவிட விலை குறைவாக. சொந்தக்காரர்களில் யார் பழைய கார் பார்க்கப் போனாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேகன் ஆர். ஆனால் ஐ10 இரண்டு விஷயங்களில் அதை முந்துகிறது. அந்த இரண்டும் உங்களுக்கு முக்கியமென்றால் தாராளமாகக் கட்சி மாறலாம்.

முதல் கார் எடுப்பவருக்கென்று ஒரு பலவீனம் உண்டு. அவருக்குப் பழக்கமான மெக்கானிக் கிடையாது. வண்டி சத்தம் போட்டால் அது பேரிங்கா, லிங்க் ராடா, இல்லை டிக்கியில் உருளும் தண்ணீர் பாட்டிலா என்று பிரித்துக் கேட்க அவர் காது இன்னும் பழகியிருக்காது. அதனால் மைலேஜ், பிக்கப், டச் ஸ்கிரீன் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது ஒன்றுதான்: தெருமுனை ஷெட்டில் விட்டால் தடுமாறாமல் பிரித்து வேலை பார்ப்பார்களா, பக்கத்து ஸ்பேர்ஸ் கடையில் சாமான் அன்றைக்கே கிடைக்குமா? இந்தக் கேள்வியிலேயே பாதி மாடல்கள் கழிந்துவிடும். மாருதிகள் எல்லாம் பாஸ். ஹூண்டாயின் சின்ன கார்களும் பாஸ், கொஞ்சம் கூடுதல் செலவோடு.

ஆல்டோவில் ஆரம்பிக்கலாம். ஆல்டோ என்ற பெயரில் உண்மையில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று 796 சிசி. பழைய மாருதி 800-இன் வழிவந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் அது. 2012 அக்டோபரில் ஆல்டோ 800 என்று புது உடம்போடு வந்தது. இன்னொன்று 2010-இல் வந்த கே10, 998 சிசி. முன்னதன் சக்தி 48 குதிரை, பின்னது 68. நான்கு பெரியவர்களை ஏற்றி, ஏசி போட்டு, ஆல்டோ 800-இல் ஏற்காடு ஏறினால் பாதி மலையில் யாராவது ஏசியை அணைக்கச் சொல்லுவார்கள். கே10 முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடும். இன்னொரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது: எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் ஓடவைப்பது 796 சிசியில் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை, கே10-இல் டைமிங் செயின் என்ற சங்கிலி. பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியவில்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

ஓட்டிப் பழக ஆல்டோவைப் போல் ஒரு வண்டி இல்லை. குறுகலான தெருவில் திரும்பும், உரசினாலும் டிங்கரிங் செலவு கையைக் கடிக்காது. வீட்டில் இரண்டு பேர், ஊருக்குள் மட்டும்தான் ஓட்டம் என்றால் இதற்கு மேல் செலவழிக்கக் காரணமில்லை. ஆனால் பின் சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் குடும்பத்துக்கு எடுக்க வேண்டும்.

அந்தப் பின் சீட்டிலிருந்துதான் வேகன் ஆரின் கதை தொடங்குகிறது. 2010-இல் வந்த மாடலிலிருந்து அதே கே10 எஞ்சின்தான் இதிலும் இருக்கிறது. ஆல்டோவின் நம்பகமும் சிக்கனமும் அப்படியே கிடைக்க, மேலே உயரமான கூரை. சீட் உயரம் சரியாக இடுப்பளவுக்கு வரும். முழங்கால் வலி உள்ள அம்மா குனிந்து உள்ளே விழ வேண்டியதில்லை, பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். ஓட்டுபவருக்கும் இது லாபம்: மூக்கு எங்கே முடிகிறது என்று தெரிகிறது, நாலு பக்கமும் கண்ணாடி பெரிது, புதிதாக ஓட்டுபவரின் பயம் பாதி குறைந்துவிடும். வண்டியின் அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தகர டப்பா என்று மச்சான் கிண்டல் செய்வான், செய்துவிட்டுப் போகட்டும்.

குறைகளும் உண்டு. சிக்னலில் நிற்கும்போது, ஏசி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் நேரத்தில் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கும். அது பழுதில்லை, சுபாவம். பைபாஸில் நூறைத் தொட்டால் உயரமான, எடை குறைந்த உடம்பு காற்றில் ஆடும், பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் முந்திப் போனால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். இன்னொன்று, கேஸில் ஓட்டுவதற்கான எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட வேகன் ஆர்கள் சந்தையில் நிறைய. கிட் இருந்தால் அது ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிலும் ஏறியிருக்க வேண்டும். ஏறாத கிட்டோடு வண்டியை எடுத்தால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கும்போதும் இன்சூரன்ஸிலும் உங்களுக்குத்தான் தலைவலி.

ஐ10 முந்தும் இடங்கள் இவைதான்: ஹைவே ஓட்டமும் உள் சொகுசும். 2007 அக்டோபர் கடைசியில் வந்த கார். முதலில் 1.1 லிட்டர், அடுத்த ஆண்டு 1.2 லிட்டர் கப்பா எஞ்சின். இரண்டுமே நான்கு சிலிண்டர். சாவியைத் திருப்பியதும் வித்தியாசம் தெரியும், எஞ்சின் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். கியர் லீவர் டேஷ்போர்டை ஒட்டி, கைக்கு எட்டும் இடத்தில். ஏசி சித்திரை வெயிலிலும் சீக்கிரம் குளிர வைக்கும். உள்ளே தொட்டுப் பார்க்கும் பிளாஸ்டிக்கில்கூட ஒரு தரம் இருக்கும். கோவையிலிருந்து சென்னைக்கு அடிக்கடி போய்வருபவர் என்றால் நானே ஐ10 கப்பாவைத்தான் சொல்லுவேன், 1.1-ஐச் சொல்ல மாட்டேன். கப்பாவில் டைமிங் செயின், 1.1-இல் பெல்ட், சக்தியும் குறைவு.

பதிலுக்கு நகரத்துக்குள் பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஸ்பேர்ஸ் விலையும் மாருதியைவிட ஒரு படி மேல். பார்க்கப் போகும்போது ஒரு சோதனை: எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக அசையுங்கள். கடக் கடக் என்று கையில் தட்டினால் ஸ்டீயரிங் மோட்டாரை ஒட்டிய ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கலாம். ரப்பர் சின்னது, ஆனால் அதை மாற்ற ஸ்டீயரிங் தண்டையே இறக்க வேண்டும், கூலிதான் அதிகம்.

சான்ட்ரோ நல்ல காராகத்தான் இருந்தது. ஆனால் 2014-இன் கடைசியோடு அந்தப் பழைய சான்ட்ரோ நின்றுவிட்டது, சந்தையில் இருப்பவற்றில் பல 15 வயதைத் தொடுகின்றன, தாண்டியும்விட்டன. 15 ஆண்டு முடிந்தால் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. கூடவே பசுமை வரி, எஃப்.சி.க்கு முன்னால் செய்ய வேண்டிய பெயிண்ட், பிரேக், லைட் வேலைகள். புதுப்பித்தாலும் ஐந்து ஆண்டுக்குத்தான். எஃப்.சி. முடியப்போகும் சான்ட்ரோ மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

ஸ்விஃப்ட் பற்றி இளைஞர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது. நல்ல கார்தான், 2010-இல் வந்த 1.2 பெட்ரோல் எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் பட்ஜெட்டில். அதே காசுக்கு வேகன் ஆரைவிட நாலைந்து வயது மூத்த, மூன்றாவது நாலாவது ஓனரிடமிருந்து வரும் ஸ்விஃப்ட்தான் கிடைக்கும். ஆசைப்பட்டு வாங்கப்படும் வண்டியை ஆசையாகவே ஓட்டியிருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பின் கண்ணாடி வழியாகத் தெரிவதும் குறைவு, ரிவர்ஸ் எடுக்கப் பழகுபவருக்கு அது சங்கடம்.

டீசல் வேண்டாம். சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட வித்தியாசமில்லை. ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ போனால் பல வருடம் மிச்சம் பிடித்தது ஒரே பில்லில் போய்விடும்.

கம்பெனியே கிளம்பிப்போன கார்கள் தனி ரகம். ஷெவர்லே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் ஃபிகோவைத் தயாரித்த ஃபோர்டு, இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஒரகடத்தில் தயாரான டட்சன் 2022-இல் போனது. ஃபிகோவின் ஓட்டத்துக்கு இந்தப் பட்டியலில் நிகரே இல்லை, இரும்பு மாதிரி ரோட்டைப் பிடிக்கும். சாமானும் இன்றைக்குக் கிடைக்கத்தான் செய்கிறது, கம்பெனி சாமான் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது சென்னையின் பழைய சாமான் சந்தையான புதுப்பேட்டை. ஆனால் எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று தெரிந்த மெக்கானிக் கூட இருந்தால்தான் அந்த மலிவு மலிவாக இருக்கும். முதல் கார்காரருக்கு அவர் இல்லை என்று முதலிலேயே பார்த்தோம். இரண்டாவது காராக எடுங்கள்.

மாடலைவிட எனக்கு அதிகம் குழப்பம் தருவது வருஷம்தான். 2019 ஜூலையிலிருந்து தயாரான எல்லா காரிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அதற்குச் சில மாதம் முன்பே கட்டாயமானது. அதற்கு முந்தைய அடிமட்ட மாடல்கள் பலவற்றில் இரண்டுமே இருக்காது. 2014 ஜனவரியில், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ மூன்றும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார்தான் வாங்கின. ஆக, மூன்று லட்சத்தை வைத்துக்கொண்டு 2014 வேகன் ஆரா, 2019 கடைசியில் வந்த ஆல்டோ 800-ஆ? ஆல்டோவுக்கு ஏர்பேக் வந்தாலும் கூடு கனமாகிவிடவில்லை. ஆனால் மழையில் பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருப்பது புதிதாக ஓட்டுபவருக்குப் பெரிய துணை. குடும்பம் பெரிதென்றால் வேகன் ஆரில் ஏபிஎஸ் உள்ள மேல் வேரியன்ட் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லுவேன். பட்ஜெட்டை இன்னும் கொஞ்சம் நீட்ட முடிந்தால் 2019 ஜனவரியில் வந்த புது வேகன் ஆரில் இரண்டுமே எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. எனக்குத் தெரிந்து, கடன் வாங்கியாவது பட்ஜெட்டை நீட்டலாம் என்று சொல்லத்தக்க ஒரே காரணம் இதுதான்.

சரி, மாடல் முடிவாகிவிட்டது, குறிப்பிட்ட வண்டிக்கு வருவோம். மீட்டரை நம்பாதீர்கள். போன வருஷம் தம்பி முறை ஒருவனுக்காகப் பார்த்த வேகன் ஆரில் மீட்டர் 41,000 காட்டியது. கிளட்ச் பெடலின் ரப்பரோ கோடுகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது, டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிப்போயிருந்தது, ஸ்டீயரிங் எண்ணெய் பூசியது போல மின்னியது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரத் தயாரிப்பு. அந்த வண்டியில் நான்கு டயரும் வெவ்வேறு வருடம். சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டதும் கன்சல்டிங்காரர் டீ சொல்லப் போய்விட்டார். டீ நன்றாக இருந்தது, வண்டியை விட்டுவிட்டு வந்தோம்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் சென்னையில் ஏராளமான கார்களை முக்கி எடுத்தன. அவை சென்னையிலேயே விற்கப்படும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உட்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். ஷாம்பூ போட்டுக் கழுவுபவர்கள் அதுவரை போவதில்லை. சீட்டுக்கு அடியில், சீட் நகரும் இரும்புச் சட்டத்தில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் வரும் ஈர வாடை, இவையும் அதே கதையைச் சொல்லும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும் முன்பே பானெட் சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

டில்லி, ஹரியானா பதிவு எண்ணோடு வரும் வண்டிகள் மலிவாகத் தோன்றும். தலைநகர் பகுதியில் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 ஆண்டுதான் ஆயுள் என்று வந்த கெடுபிடியால் தெற்கே தள்ளப்பட்டவை அவற்றில் நிறைய. அங்கே என்.ஓ.சி. என்ற ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் மலிவு கரைந்துவிடும்.

பேப்பர் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் பழைய ஓனர் கையெழுத்து மட்டும் போட்டு, பெயர் நிரப்பாமல் புரோக்கர் கையில் இருக்கும் வண்டிகள் உண்டு. ஆர்.சி.யில் உள்ள ஓனரோடு போனிலாவது பேசாமல் டோக்கன் அட்வான்ஸ் தராதீர்கள். லோன் முடிந்ததா, அபராத சலான் பாக்கி உண்டா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். லோன் இருந்திருந்தால் ஆர்.சி.யிலிருந்து அதை நீக்குவதற்கான ஃபார்ம் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும் கைக்கு வர வேண்டும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு கிளெய்ம் கேட்டுப் போய் நிற்க முடியாது. கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காக விற்றவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், அவரோடே போய்விடும், உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். அதற்காக இரண்டாயிரம் மூவாயிரம் குறைப்பவர்கள் இருக்கிறார்கள்.