வீட்ல ஒரு பிபி மெஷின், ஒரு நோட்டு, ஒரு உப்பு பாக்கெட்: சில வருஷ அனுபவம்

2021 கடைசில வாங்குனோம், மேல் கையில பட்டை கட்டுற சாதாரண ஆட்டோமேட்டிக் மாடல், நாலு பேட்டரி போடுறது. அம்மாவுக்கு கிளினிக்ல எப்ப பாத்தாலும் 160க்கு மேல காட்டும், டாக்டர் சொன்னாரு இங்க வந்து உக்காந்தாலே சிலருக்கு பதட்டத்துல ஏறும்மா, ஒரு வாரம் வீட்ல காலையும் சாயங்காலமும் பாத்து எழுதிட்டு வாங்க, அத வச்சு மாத்திரை முடிவு பண்ணலாம்னு. எழுதிட்டு போனோம், வீட்ல கிளினிக் அளவுக்கு இல்ல, ஆனா நார்மலும் இல்ல. ஒரு மாத்திரையோட ஆரம்பிச்சாங்க. இப்ப அப்பாவும் அதே மெஷின்தான், நானும் அப்பப்ப பாத்துக்குறேன். மெஷின பத்தியும், அதால வீட்ல வந்த சின்ன சின்ன பழக்கங்கள பத்தியும் சேத்தே எழுதுறேன், பலன் குடுத்தது பெரும்பாலும் அந்த பழக்கங்கதான்.

முதல்ல பாக்குற முறை, இதுல கோட்டை விட்டா மெஷின் எவ்ளோ நல்லதா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. காபி குடிச்ச கையோட பாக்க கூடாது, அரை மணி நேரமாவது விடணும். பாத்ரூம் போயிட்டு வந்துடணும், முட்டிக்கிட்டு உக்காந்தா நம்பர் ஏறும். முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் தரையில பட, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். சம்மணம் போட்டு தரையில உக்காந்து பாக்குறது, கால் மேல கால் போடுறது எல்லாம் வேணாம். கை நெஞ்சு உயரத்துக்கு வரணும், எங்க வீட்ல டேபிள் உயரம் கம்மி, அதனால கைக்கு அடியில ஒரு தலகாணி. பட்டைய துணி மேல கட்ட கூடாது. அம்மாவுக்கு இதுதான் பெரிய வேலை, பிளவுஸ் கை இறுக்கம், அத மேல சுருட்டி விட்டா அதுவே கையை பிடிச்சுக்கும், அதனால காலைல குளிக்கிறதுக்கு முன்னாடி நைட்டியோட இருக்கப்பவே பாத்துடுவாங்க. மெஷின் காத்து ஏத்துறப்ப பேசவும் கூடாது. அம்மாவுக்கு அப்பதான் "அடியே, பால் வந்துச்சா பாரு"ன்னு ஞாபகம் வரும், நான் கைய காட்டி நிறுத்திடுவேன்.

ரெண்டு தடவ பாக்கணும், நடுவுல ஒரு நிமிஷம் விட்டு, ரெண்டையும் எழுதணும். ஆரம்பத்துல ஒரு தடவ ரெண்டு கையிலயும் பாத்து எதுல அதிகமா வருதோ அந்த கையிலயே தொடர்ந்து பாருங்க. கிளினிக்ல 140/90 தான் எல்லைன்னு எல்லாருக்கும் தெரியும், வீட்ல பாக்குறப்ப 135/85லயே எல்லை வந்துடும், இது நெறைய பேருக்கு தெரியாது, "138 தானே, நார்மல்"னு விட்டுடுறாங்க.

பட்டை சைஸ் ரொம்ப முக்கியம். குண்டு கைக்கு சின்ன பட்டை கட்டுனா இல்லாத பிரஷர காட்டும். டேப்ப எடுத்து தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல சுத்தளவு எடுத்துட்டு போங்க, பட்டையிலயே 22-32 செமீ, 22-42 செமீன்னு போட்டிருக்கும். எங்களுது பெரிய பட்டை, ஒட்டுற பகுதி தேஞ்சு பிச்சுக்க ஆரம்பிச்சதும் பட்டை மட்டும் தனியா வாங்கி மாத்திட்டோம். பேட்டரி அடிக்கடி தீருது, அடாப்டர் சேத்து வாங்குறது நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட எடுத்துட்டு போய் அவரு மெஷினோட ஒப்பிட்டு பாத்துக்குறோம்.

இப்ப உப்பு. நோட்டுல எழுத ஆரம்பிச்ச பிறகுதான் எங்களுக்கு இதுல அக்கறையே வந்துச்சு, கல்யாண சாப்பாடு, ஊர் திருவிழான்னு போயிட்டு வந்த மறுநாள் நம்பர் எகிறி நிக்கும், பக்கத்துலயே காரணமும் எழுதி வச்சிருப்போம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேத்து. இத எப்படி அளக்குறதுன்னு யோசிச்சப்ப ஒரு கணக்கு தோணுச்சு. எங்க வீட்ல நாலு பேர், ஒரு நாளைக்கு 20 கிராம், அப்ப ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். பாக்கெட்ட பிரிக்கிற அன்னிக்கு அது மேலயே பேனாவால தேதி எழுதிடுவோம், அவ்ளோதான். முதல் பாக்கெட் ஒரு மாசம் கூட தாங்கல. கடையில வாங்கி திங்கிற மிக்சர், பிஸ்கட், சிப்ஸ்ல இருக்குற உப்பு இந்த கணக்குல வராது, அதனால 50 நாள தாண்டியே வந்தாதான் நிஜமா குறைஞ்ச மாதிரி.

அப்பா "உப்பில்லா பண்டம் குப்பையிலே"ன்னுட்டாரு. அவருக்காக ஒரேயடியா குறைக்கல, குழம்புல ரசத்துல கை வைக்கவே இல்ல முதல்ல. சாதம் வடிக்கிறப்ப போடுற உப்ப நிறுத்துனோம், சப்பாத்தி மாவுல நிறுத்துனோம், தயிர் சாதத்துக்கு ஊறுகாய் இருக்குன்னா சாதத்துல உப்பு கிடையாது. யாருக்கும் வித்தியாசமே தெரியல. அதுக்கப்புறம் அப்பளம், மோர் மிளகாய், வத்தல், கருவாடு, இதெல்லாம் தினமும்ங்கிறது போய் ஞாயித்துக்கிழமைக்குன்னு ஆச்சு. கடைசியாதான் குழம்பு, கொஞ்சம் கொஞ்சமா, புளிப்பையும் மிளகையும் தூக்கலா வச்சு. நாக்கு சில வாரத்துல பழகிடும், இப்ப ஹோட்டல் சாம்பார் எங்களுக்கு கரிக்குது.

இந்துப்பு வாங்குனா ஆபத்து இல்லன்னு ஒரு நம்பிக்கை ஓடுது, அதுவும் சோடியம்தாங்க, அளவ குறைக்காம கலர மாத்தி ஒண்ணும் ஆகாது, அயோடின் சேக்காததா இருந்தா அந்த நஷ்டம் வேற. சோடியம் கம்மின்னு விக்கிற உப்புல பொட்டாசியம் கலந்திருக்கும், பலருக்கு நல்லதுதான், ஆனா கிட்னி பிரச்சனை இருக்குறவங்களும் சில வகை பிபி மாத்திரை சாப்பிடுறவங்களும் டாக்டர கேக்காம தொடவே கூடாது. வயிறு உப்புசத்துக்கு தண்ணில பொங்க வச்சு குடிக்கிற பவுடர்லயும் சோடியம் இருக்கு, அப்பாவுக்கு அது வாரத்துல பாதி நாள் இருந்துச்சு, இப்ப சீரகத் தண்ணி.

ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடில பத்து பதினஞ்சு நிமிஷம் நடை, இது அப்பாவோட சுகருக்காக ஆரம்பிச்சது. சாப்பிட்டதும் நடந்தா சுகர் சட்டுனு ஏறாது. வேற பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, மழைன்னா ஹால்லயே நடப்பாங்க.

மாத்திரை விஷயத்த மட்டும் கெஞ்சி கேட்டுக்குறேன். நோட்டுல 120, 125னு வர ஆரம்பிச்சதும் "எனக்கு சரியாயிடுச்சு"ன்னு நிறுத்துறவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. அந்த நம்பர் வர்றதே மாத்திரையாலயும்தான், நிறுத்துனா திரும்ப ஏறும், ஏறுறது உடம்புக்கு தெரியவும் தெரியாது. குறைக்கணும்னா நோட்ட காட்டி டாக்டர்கிட்ட கேளுங்க, எங்கம்மாவுக்கு அவரே பாதியா குறைச்சாரு. பணம், அலைச்சல்னு நிறுத்துறவங்களுக்கு தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கு, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, ஊர்ல எங்க சித்திக்கு வீட்டுக்கே வந்து பிபி பாத்து மாத்திரை குடுத்துட்டு போறாங்க.

180/120க்கு மேல காட்டுனா பதறாம அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு திரும்ப பாருங்க, குறையலன்னா அன்னிக்கே டாக்டர பாத்துடணும். நெஞ்சு வலி, மூச்சு திணறல், ஒரு பக்கம் கை கால் இழுக்குறது, வாய் குளறுறது இதுல ஒண்ணு இருந்தாலும் மறுபடி அளந்துட்டு இருக்காதீங்க, உடனே 108.

மணிக்கட்டுல கட்டுற சின்ன மெஷின் வாங்கலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. கை இருக்குற உயரம் கொஞ்சம் மாறுனாலே அதுல நம்பர் மாறிடும், வயசானவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் சரியா பிடிக்க வராது. மேல் கையில கட்டுறதையே வாங்குங்க, கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் நூல் கட்டி அந்த பெட்டிக்குள்ளயே போட்டு வச்சிடுங்க.