பதினஞ்சு ரூபா பீசோ டிஸ்க்: பட்டுப்புழு மனையில இருந்து ஒரு ரிவ்யூ

பீசோ டிஸ்க்குக்கு, அதாவது ஒரு பொருள்மேல ஒட்டி அதுக்குள்ள ஓடுற சத்தத்த கேக்க உதவுற சின்னத் தகட்டுக்கு, தனியா ஒரு ரிவ்யூ தேவையான்னு கேட்டா, கண்டிப்பா தேவைன்னுதான் சொல்லுவேன். ரெண்டு வருஷமா நான் வாங்குன ஹெட்போன், ரெக்கார்டர், சாஃப்ட்வேர் எல்லாத்தையும் விட இந்த பதினஞ்சு ரூபா தகடுதான் எனக்கு புதுசு புதுசா யோசிக்க விஷயம் குடுத்திருக்கு.

பாக்க ஒண்ணுமே இருக்காது. பத்து ரூபா காயின் சைஸ்ல, 27 மில்லிமீட்டர், மெல்லிசா ஒரு பித்தளைத் தகடு, அதுமேல வெள்ளையா செராமிக், சிவப்பு கருப்புன்னு ரெண்டு வயர், அவ்வளவுதான். தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிவி மிக்ஸி ஸ்பேர் விக்கிற கடைல போய் கேட்டா "பஸ்ஸர் தகடா?"ன்னு டப்பாவுல இருந்து எடுத்துக் குடுப்பாங்க. வீட்ல கேஸ் லைட்டர அமுக்குனா டிக்னு பொறி வருதில்ல, அதுக்குள்ள இருக்கறதும் பீசோதான். சில பொருள அழுத்துனா கரண்ட் வரும்ங்கறத 1880-ல கியூரி அண்ணன் தம்பி ரெண்டு பேரும், ஜாக்கும் பியரும், கண்டுபிடிச்சாங்க. அதையே திருப்பி கரண்ட் குடுத்தா அதிரும், அப்ப அது பஸ்ஸர். நாம பண்ணப்போறது முதல் வேலை, அதாவது அதிர்வ கரண்ட்டா மாத்தி ரெக்கார்டருக்கு அனுப்பறது. சாதா மைக் காத்துல வர்ற சத்தத்த எடுக்கும், இது காத்த கண்டுக்கவே கண்டுக்காது, எதுமேல ஒட்டுறீங்களோ அதுக்குள்ள ஓடுறத மட்டும்தான் எடுக்கும்.

பாலக்கோடு பக்கம் எங்க பெரியம்மா புழு வளர்க்கறாங்க. நம்ம பக்கம் பட்டுப்புழு மனைக்குள்ள போனவங்களுக்குத் தெரியும், புழு பெருசான பிறகு உள்ள நின்னா வெளிய மழை தூறுற மாதிரியே கேக்கும், அது அத்தனை புழுவும் சேந்து மல்பெரி இலை திங்கற சத்தம். அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. பெரியம்மா வாசல்லயே நிறுத்தி "செருப்ப வெளிய வுடு சாமி, கைகால் கழுவிக்கோ, சென்ட்டு கின்ட்டு போட்டிருந்தா உள்ளாற வராத"ன்னுட்டாங்க, புழுவுக்கு வாசம் ஆகாது, நோயும் நம்ம கால் வழியாத்தான் உள்ள வரும். நாலு தோல் உரிச்சு அஞ்சாம் பருவத்துல இருந்துச்சு புழு, வாழ்நாள்ல திங்கற மொத்த இலைல பெரும்பங்க இந்த ஒரு வாரத்துலதான் திங்கும். ஸ்டாண்டுல போட்டிருந்த ஒரு மல்பெரி தண்டு அடில டிஸ்க்க வச்சு துணி கிளிப் போட்டு, ஹெட்போன மாட்டுனேன்.

மழை காணாம போயிடுச்சு. தனித்தனி புழு கேக்குது. ஒரு புழு இலை ஓரத்த மேல இருந்து கீழ வரைக்கும் கறுக் கறுக் கறுக்னு ஒரே சீரா வெட்டிட்டே வந்து, ஒரு நொடி நிக்குது, தலைய மேல கொண்டு போயி மறுபடி ஆரம்பிக்குது, பக்கத்துல இன்னொன்னு கொஞ்சம் மெதுவா அதே மாதிரி, ரெண்டும் எப்பவாவது ஒண்ணா சேந்து திரும்ப பிரியுது. நடுவுல புழு காலை தண்டுல இருந்து பிச்சு எடுத்து அடுத்த இடத்துல வைக்கற பிட் பிட் சத்தம், அது வெறும் காதுக்கு கேக்கவே கேக்காது. பெரியம்மாவுக்கு ஹெட்போன குடுத்தேன். கொஞ்ச நேரம் கண்ண மூடி கேட்டுட்டு, "இலை தீந்துபோச்சு, தண்டத்தான் சொரண்டிட்டு கிடக்குதுங்க"ன்னு சொல்லிட்டு எழுந்து இலை எடுக்கப் போயிட்டாங்க. போயி பாத்தா நான் கிளிப் போட்ட இடத்துல நிஜமாவே இலை நரம்புதான் மிச்சம். எனக்கு ரிதமா கேட்டது அவங்களுக்கு தகவலா கேட்டுச்சு, அத நினைச்சா இன்னும் ஆச்சரியமா இருக்கு.

இப்ப டெக்னிக்கல் விஷயம், இத தெரிஞ்சுக்காம வாங்குனா ஏமாந்துடுவீங்க. டிஸ்க்க நேரா ரெக்கார்டர் மைக் சாக்கெட்ல சொருகுனா சத்தம் தகரம் மாதிரி, பேஸே, அதாவது கனமான கீழ்ச்சத்தமே, இல்லாம வரும், உடனே பீசோ வேஸ்ட்னு தூக்கிப் போட்டவங்க நிறைய பேரு. 27 மில்லிமீட்டர் டிஸ்க்கோட கெப்பாசிட்டன்ஸ் சுமார் 20 நானோஃபாரட், அத தடை கம்மியா இருக்கற 10 கிலோ ஓம் இன்புட்ல குடுத்தா 800 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறதெல்லாம் தேய ஆரம்பிச்சிடும். அதையே தடை அதிகமா இருக்கற 1 மெகா ஓம் இன்புட்ல குடுத்தா அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடும், அதாவது பேஸ் முழுசா வந்துரும். அதனால நடுவுல ஒரு ஜெஃபெட் பஃபர், அதாவது டிஸ்க்குக்கு அந்த அதிகத் தடை இன்புட்ட குடுக்கற சின்ன சர்க்யூட், கட்டாயம் வேணும், ஒரு ஜெஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), நாலஞ்சு சின்ன பார்ட்ஸ், 9 வோல்ட் பேட்டரி, எல்லாம் அதே ஸ்பேர் கடைல கிடைக்கும். இல்லன்னா கிட்டார் சொருகற இன்புட் இருக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ் (சத்தத்த கம்ப்யூட்டருக்கு அனுப்பற பெட்டி) வச்சிருந்தா நேரா அதுலயே போடலாம்.

குறைன்னு பாத்தா மூணு நாலு இருக்கு. சால்டர் வச்ச இடம் ரொம்ப வீக், வயர லேசா இழுத்தாலே வெள்ளிப் பூச்சோட பேந்து வந்துரும், வாங்குன உடனே ஹாட் க்ளூ ஒரு சொட்டு வச்சிருங்க. வயர் இல்லாதது வாங்கி நீங்களே சால்டர் பண்றதா இருந்தா டக்குனு வச்சு எடுத்துரணும், சூடு ஏறுனா செராமிக் கெட்டுப்போகும். பஸ்ஸருக்காக செஞ்ச பொருள்ங்கறதால 4 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் தானா கத்தும், அத ஈக்வலைசர்ல கொஞ்சம் இறக்கிக்கணும். அப்புறம் கரண்ட் வயர் பக்கத்துல போனா 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்துரும், ஷீல்டு வயர் போட்டா நல்லாவே குறையும். ஆன்லைன்ல ஒரு பாக்கெட் ஆர்டர் போட்டேன், பாதி செராமிக் விரிசலோட வந்துச்சு, கடைல கைல எடுத்துப் பாத்து வாங்கறதே மேல்.

இந்த மாதிரி சத்தத்த வச்சு சோதனை பண்ற வேலையெல்லாம் வெளிநாட்டுக்காரங்க விளையாட்டுன்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1969-லயே அகமதாபாத் என்.ஐ.டி.-ல (தேசிய டிசைன் கல்வி நிறுவனம்) மூக் சிந்தசைசர்னு கரண்ட்லயே சத்தம் உண்டாக்கற கருவி வச்சு எலக்ட்ரானிக் மியூசிக் ஸ்டுடியோ ஆரம்பிச்சாங்க, அமைச்சுக் குடுத்தவரு அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். பக்வாஜ்ங்கற வடநாட்டு மத்தளம் வாசிச்ச கீதா சாராபாய் அங்க வேலை செஞ்சிருக்காங்க, கூடவே என்.ஐ.டி. ஆளுங்களும். அங்க பதிவான டேப்பெல்லாம் பல வருஷம் கழிச்சுத்தான் ஆர்க்கைவ்ல இருந்து வெளிய வந்துச்சு. இந்த டியூடர்தான் 1968-ல சாதா பொருளுங்க மேல டிரான்ஸ்டியூசர் (கரண்ட்ட அதிர்வா மாத்தற கருவி) ஒட்டி அந்தப் பொருளையே ஸ்பீக்கரா பேச வச்சவரு. டிசைன் சொல்லித்தர்ற ஒரு இடத்துல சத்தத்துக்கும் ஒரு ரூம் ஒதுக்குனாங்கங்கறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுது. நானும் பத்திரிகை, லேபிள், ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ற ஆளுதான். புழு திங்கற ரெக்கார்டிங்க ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல ஸ்பெக்ட்ரோகிராமா, அதாவது சத்தத்தோட படமா, போட்டா, சீரா கோடு கோடா, நடுநடுவுல இடைவெளி விட்டு ஒரு பார்டர் மாதிரியே வருது, அத அப்படியே ட்ரேஸ் பண்ணி ஒரு பட்டு நூல் லேபிளுக்கு ஓரமா வச்சேன், நெட்ல டெம்ப்ளேட் தேடி இருந்தா இது எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் கிடைச்சிருக்காது.

ஒகேனக்கல்ல பரிசல்கார அண்ணன்கிட்ட கேட்டுட்டு பரிசலோட உள்ளடில ஒட்டிப் பாத்தேன். அருவி இரைச்சல் ஒரு கனமான உறுமலா மட்டும் கீழ நிக்குது, அதுமேல மூங்கில் நெறிபடறதும் துடுப்பு இடிக்கறதும் துல்லியமா. கிருஷ்ணகிரில கிரானைட் பாலிஷ் போடற இடத்துல ஒரு நண்பன் இருக்கான், அங்க கல்லுல விரிசல் இருக்கான்னு தட்டிப் பாத்து காதாலயே சொல்லிடுவாங்க. டிஸ்க்க ஒட்டிக் கேட்டா நல்ல கல்லுல தட்டுனது இழுத்துட்டு போகும், விரிசல் கல்லுல பொத்துனு செத்துப்போகும். அடுத்து பம்பை மேளம். தோல்ல ஒட்டுனா அடிக்கறவரு கைக்கு இடைஞ்சல், அதனால கட்டைல ஒட்டி பாக்கணும்.

வாங்குறவங்களுக்கு: 27 மில்லிமீட்டர்ல ரெண்டும், 35-ல ஒண்ணும் எடுங்க, பெருசுல பேஸ் கொஞ்சம் கூட. வயர் வச்சதாவே கேளுங்க, செராமிக் மேல மயிர்க்கோடு இருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்துட்டு காசு குடுங்க. பஃபர் இல்லாம அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், பஃபரோட அஞ்சுக்கு அஞ்சு.